பின்வாசலையும் எழுதிக் கொடுங்கள்

கடலோர ஊர்களில் தலைமுறையாக மீன் உணவகம் நடத்துகிறவர்களுக்கும், அவர்கள் கையிலிருந்து நாளை சாவியை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

மீன் இறக்குவது, தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது, வெட்டுவது, பொரிப்பது என்று உங்கள் கடைகளின் பின்பக்கத்து வேலைகளைச் செய்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். சொல்ல வந்தது ஒன்றுதான். கடை கைமாறும்போது நீங்கள் பொத்திப் பொத்திக் கொடுப்பது ரெசிபியை. அது தொலைந்தால்கூடச் சமாளித்துவிடலாம். நாக்கு நன்றாக உள்ள ஒரு சமையல்காரர் நாலு தடவை ருசி பார்த்து அதன் பக்கத்தில் வந்துவிடுவார். காலையில் பின்வாசலில் கூடை இறங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பெரியவர் எதைப் பார்க்கிறார், எதை எடுக்கிறார், எதைத் திருப்பி அனுப்புகிறார் என்பது தொலைந்தால் கிடைக்காது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்டால் "மூக்குக்குத் தெரியும்" என்று முடித்துவிடுகிறீர்கள்.

மூக்குக்குத் தெரியாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பிலேயே அதிகம். பிடித்த பிறகு இவை சூட்டில் கிடந்தால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி ஆன மீன் நாற வேண்டும் என்று கட்டாயமில்லை. கண்ணும் செவுளும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, வாய் காந்தும். வந்தவர் "எனக்கு மீன் ஒவ்வாமை" என்று நினைத்துக்கொள்வார், நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்வீர்கள். ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் பொரித்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. போதாக்குறைக்கு, ஒரே கூடையில் ஒரு மீன் சுத்தமாகவும் பக்கத்து மீன் மோசமாகவும் இருக்கும். அதனால் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து மொத்தக் கூடைக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது. இதற்கு ஒரே வழி, இந்த வகை மீன்களை வாங்கும்போது பிடித்த நேரத்தையும் ஐஸ் போட்ட நேரத்தையும் கேட்பது. உடல் வெப்பத்தை அளப்பது. ஐஸ் போட்டு நேரமாகிவிட்டது என்று சொல்லியும் உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றால், அந்த மீன் வழியில் எங்கோ சூட்டில் கிடந்திருக்கிறது.

அளப்பது எப்படி என்பதிலும் தப்பு நடக்கிறது. தெர்மாமீட்டரைக் கூடைக்குள் சொருகினால் தெரிவது ஐஸின் வெப்பம்தான். கம்பியைச் செவுளுக்குப் பின்னால் நுழைத்து, முதுகெலும்பை ஒட்டிச் சதை தடித்த இடத்துக்குக் கொண்டுபோய், எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்துப் படியுங்கள். கூடையின் மேல் மீனை மட்டும் அளந்து விட்டுவிடாதீர்கள். நடுவில் நெருக்கி அடுக்கப்பட்ட மீன்தான் கடைசியில் குளிரும். தெர்மாமீட்டரை வாரம் ஒருமுறை சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கலக்கிவிட்டுக் கம்பியை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் இத்தனை நாள் எழுதிய எல்லா எண்ணும் 2 பிசகு.

மூக்கை ஏமாற்றும் இன்னொன்று, பாறைப் பகுதிகளில் வளரும் பெரிய ஷீலா, பெரிய களவா. சில கடல்களில் பாசியில் தொடங்கிச் சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேரும் சிகுவாடெரா நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது, சூட்டுக்கும் மசியாது. ஆள் உயர மீனைக் கடை வாசலில் தொங்கவிட்டுப் படம் எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். அந்த நஞ்சு உள்ள கடலானால் பெரியதை விட்டு நடுத்தர அளவை எடுப்பதே புத்தி. எந்தப் பாறையில் பிடித்த மீனை எடுக்கக் கூடாது என்று பெரியவருக்குத் தெரிந்திருக்கும். அது ஒரு நோட்டில் இருக்கிறதா?

இனி ஐஸ். உங்கள் கடையில் மிக மலிவாக வாங்குவதும் மிக அதிகமாகக் கஞ்சத்தனம் செய்வதும் இதில்தான்.

28 டிகிரியில் இருக்கும் 10 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி சுமார் 3 கிலோ ஐஸ் உருக வேண்டும். இது பெட்டிக்கு வெளியிலிருந்து சூடே உள்ளே வராது என்று வைத்துக்கொண்ட கணக்கு. நிஜத்தில் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெப்பமான இடங்களில் மீனும் ஐஸும் கிலோவுக்குக் கிலோ என்று வைக்கிறோம். மூன்று கிலோவைப் போட்டுவிட்டு மூடியைச் சாத்தினால், இரவு பாதியில் ஐஸ் தீர்ந்து, மிச்ச நேரம் மீன் வெதுவெதுத் தண்ணீரில் ஊறும்.

போடுகிற விதம்: பெட்டியின் அடியில் நாலு விரல்கடை உயரத்துக்கு ஐஸ். அதன்மேல் ஒரு வரிசை மீன், குடல் எடுத்ததானால் வயிற்றுக்குள்ளும் ஐஸ் அடைத்து, வயிறு கீழே பார்க்கும்படி. அப்போதுதான் உருகிய தண்ணீர் உள்ளே தேங்காமல் வடியும். மறுபடி ஐஸ், மறுபடி மீன், கடைசியில் மேலே ஒரு தடித்த போர்வையாக ஐஸ். மீனும் மீனும் ஒட்டிக்கொள்ளக் கூடாது, மீன் பெட்டிச் சுவரைத் தொடவும் கூடாது. அடித் துவாரத்தைத் திறந்தே வையுங்கள். உருகும் தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும்போது வழுவழுப்பையும் ரத்தத்தையும் கழுவிக்கொண்டு போகும். அடைத்துவிட்டால் அதே அழுக்கில் கீழ் வரிசை மீன் மிதக்கும். கட்டி ஐஸை உடைத்துப் போடுவதானால் நன்றாக நொறுக்குங்கள். கூர்முனைத் துண்டு மீனின் தோலைக் குத்தும், இடையில் காற்றும் நிற்கும். காற்று நின்ற இடம் குளிராது. தடித்த மீனுக்கு இன்னும் பொறுமை வேண்டும்: 4 சென்டிமீட்டர் தடிப்புள்ளது குளிர ஆகும் நேரத்தைப்போல 8 சென்டிமீட்டர் மீனுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும், இரண்டு மடங்கு அல்ல.

"எங்களிடம்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே" என்று இளையவர்கள் சொல்வார்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. மீன் கெடும் வேகம் 0 டிகிரியில் ஒன்று என்றால் 4 டிகிரியில் சுமார் இரண்டு, 10 டிகிரியில் நாலு. ஐஸில் 8 நாள் தாங்கும் மீன் ஃப்ரிட்ஜ் தட்டில் 4 நாள். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி 10 டிகிரியாகிவிட்ட மதிய நேரத்து ஃப்ரிட்ஜில் 2 நாள். கழிந்த நாளைப் பிறகு ஐஸ் போட்டுத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே ஃப்ரிட்ஜுக்குள்ளும் மீன் ஐஸ் பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஐஸைக் காக்கட்டும், ஐஸ் மீனைக் காக்கட்டும்.

அந்த ஃப்ரிட்ஜே கடற்கரையில் சீக்கிரம் சாகும் என்பது உங்களுக்குத் தெரியும். உப்புக் காற்று வெளியே இருக்கும் கண்டென்சர் தகடுகளில் படிந்து அரிக்கும். தகடு அடைபட்டால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், உள்ளே குளிராது. மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நல்ல தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவினாலே ஆயுள் கூடும். எஃகு மேஜை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் தரத்தைக் கேளுங்கள். 304 என்பதைவிட 316 உப்புக்குத் தாங்கும், அதில் மாலிப்டினம் இருக்கிறது. இரண்டையுமே ப்ளீச் ஊற்றி ஊறவிட்டால் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். அந்தக் குழிக்குள் கிருமி குடியேறினால் தேய்த்து எடுக்க முடியாது.

சரி, கூடைக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் பார்க்கும் இடம் வேறு. பிள்ளைகளுக்கு "செவுள் சிவப்பா இருக்கணும்" என்று ஒற்றை வரியில் சொல்லிக் கொடுப்பது போதாது. ஐஸ் தண்ணீரில் ஊறிய நல்ல மீனின் செவுளும் வெளுத்திருக்கும். செவுளை விரித்து முகருங்கள்: கடல்பாசி வாசனை என்றால் சரி, புளித்த வாசனை என்றால் வேண்டாம். வயிற்றை அழுத்துங்கள், குழி விழுந்து நிரம்பாமல் நின்றால் பழையது. வயிற்றுக்குள் விலா எலும்பு சதையை விட்டுத் தனியே கழன்று நின்றால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் எடுக்காதீர்கள். விறைத்துக் கட்டை மாதிரி நிற்கும் மீன் மிகப் புதியது. அதை உடனே வளைத்து வெட்டினால் சதை அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். விறைப்பு தளரும்வரை ஐஸில் வையுங்கள்.

கணவாயைத் தோலோடு வாங்குங்கள், ஏனென்றால் அதன் தோல்தான் அதன் தேதி. புதியதில் பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும், சில சமயம் விரல் பட்ட இடத்தில் விரிந்து சுருங்கும். நேரமாக ஆக முழுதும் பால் வெள்ளையாகும். அதற்கும் பிறகு இளஞ்சிவப்பு ஏறும். உரித்துக் கழுவி வெள்ளைவெளேரென்று தட்டில் அடுக்கி வருவதைப் பார்த்து வாங்குகிறவர், தேதி கிழித்த காலண்டரை வாங்குகிறார். சமையலில் அதற்கு இரண்டு கதிதான்: பெருந்தீயில் ஒன்றிரண்டு நிமிடம், அல்லது சிறுதீயில் முக்கால் மணி நேரம். நடுவில் நிறுத்தினால் ரப்பர்.

இறாலின் தலையிலும் ஓட்டிலும் வரும் கறுப்பு, அழுகல் அல்ல. அது ஒரு நொதியின் வேலை, நறுக்கிய ஆப்பிள் கறுக்கிறதே, அந்தக் கதைதான். அதைத் தடுக்க மெட்டாபைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளின் கரைசலில் முக்குவார்கள். அளவோடு போட்டால் அனுமதிக்கப்பட்டதே. கைப்பிடியாக அள்ளித் தூவுகிறவர்களிடம் வாங்கினால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும். ஒரு கறுப்பும் இல்லாத இறாலைவிட லேசாகக் கறுப்பு தட்டிய இறாலை நாங்கள் கூடுதலாக நம்புவது அதனால்தான். உரித்த இறாலில் தண்ணீர் ஏற்றி எடை கூட்டுவதும் உண்டு. கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரே அளவு இறாலை இரண்டு வியாபாரிகளிடம் 500 கிராம் வீதம் எடுத்து, ஒரே சட்டியில் தனித்தனியாக, ஒரே நேரம் வேகவைத்து, வடித்து நிறுத்துப் பாருங்கள். யாருடையது அதிகம் சுருங்கியதோ அவர் உங்களுக்குத் தண்ணீர் விற்கிறார். உறைந்த மீனுக்கும் இப்படித்தான்: மேலே பூசியிருக்கும் ஐஸ் மட்டும் கரையும்வரை குழாய்த் தண்ணீரில் காட்டி, வடித்து, பிறகு நிறுங்கள். அந்த எடைக்குத்தான் பில்.

காற்று நீக்கிய உறையில் வரும் உறைந்த மீனை உருகவைக்கும் முன் உறையைக் கிழித்துவிடுங்கள். இதைப் பல கடைகளில் செய்வதில்லை. காற்றில்லாத உறைக்குள், உயிரையே பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் போட்டுலிசம் கிருமியின் ஒரு வகை சுமார் 3 டிகிரிக் குளிரிலேயே வளரும், வாசனை காட்டிக்கொடுக்காது. கிழிக்க ஐந்து நொடி போதும்.

நண்டு உயிரோடு வேண்டும். செத்தால் அதன் ஈரலில் உள்ள நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கி மாவாக்கிவிடும். ஒரே அளவில் இரண்டைக் கையில் ஏந்திப் பாருங்கள். கனம் குறைந்தது அண்மையில் ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான். உயிரோடு கொதிநீரில் போட்டால் கால்களைக் கழற்றி உதிர்த்துவிடும். அரை மணி நேரம் ஐஸில் மரக்கவைத்துப் பிறகு கொன்று சமைத்தால் கால்கள் நிற்கும், நண்டுக்கும் வேதனை குறையும். வெந்த நண்டைப் பச்சை நண்டு வந்த அதே கூடையில் திரும்பப் போடுவதுதான் மீன் கடைகளில் வயிற்றுப்போக்கின் பழைய ராஜபாட்டை. கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி உப்பும் சூடும் கிடைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரட்டிக்கும். பச்சைக்கு ஒரு நிறக் கூடை, வெந்ததற்கு வேறு நிறம் என்று வைத்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மாற்றிப் போட மாட்டார்.

சிப்பி, ஆளி விஷயத்தில் எந்த நீர்ப்பரப்பில் எடுத்தது என்ற சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். கடலில் நச்சுப்பாசி பெருகும் காலத்தில் சிப்பியில் சேரும் நஞ்சு கொதியில் அழியாது. சீட்டைக் கூடையோடு குப்பையில் போடாமல் 90 நாள் வைத்திருங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ தொற்றி 50 நாள் கழித்துக்கூட வெளியே தெரியலாம். அப்போது யாராவது வந்து கேட்டால் உங்களிடம் காட்ட ஒரு காகிதம் வேண்டும். பச்சையாகப் பரிமாறும் மீனுக்கு இன்னொரு விதி: புழுவைக் கொல்ல -20 டிகிரியில் 7 நாள். எலுமிச்சையிலும் வினிகரிலும் ஊறினால் சதை வெளுக்கும், வெந்தது மாதிரி தோன்றும், புழு சாகாது.

எலுமிச்சையைச் சொன்னதால் ஒரு இடைச்செருகல். மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்திலமைனைப் புளிப்பு கட்டிப்போட்டுவிடும், மூக்குக்கு எட்டாது. பழைய மீனைக் காப்பாற்ற நினைக்கும் கை முதலில் எலுமிச்சையைத்தான் தேடும். ஆகவே முகர்ந்து பார்ப்பது ஊறவைக்கும் முன் நடக்க வேண்டும், ஊறவைப்பவரும் முகர்ந்து பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

பொரிக்கும் சட்டிக்குப் போகும் முன் துண்டின் எடையைப் பாருங்கள். குடும்பக் கடைகள் நட்டத்தில் முடிவது பெரும்பாலும் இந்த இடத்தில், யாருக்கும் தெரியாமல். 10 கிலோ முழு மீனில் தலை, குடல், முள், தோல் போக 4.5 கிலோ சதை தேறுகிறது என்று வையுங்கள். தட்டுக்கு 180 கிராம் என்றால் 25 தட்டு. வெட்டுகிறவர் கை தாராளமாகி 210 கிராம் ஆனால் 21 தட்டு. ஒவ்வொரு 10 கிலோவுக்கும் நாலு தட்டு காணாமல் போகிறது, யாரும் திருடவில்லை. வாரம் ஒருநாள் வெட்டும் முன்னும் பின்னும் நிறுத்து, மீனின் பெயரோடு எழுதுங்கள். தலை பெரிய மீனை விலை மலிவென்று வாங்குவது மலிவா என்பது அப்போதுதான் தெரியும்.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி. ஈரம் துடைக்காத துண்டையும் சட்டி கொள்ளாத அளவையும் போட்டால் வெப்பம் சரிந்து மீன் எண்ணெய் குடிக்கும். சமையல்காரர் தீயைக் கூட்டுவார், துகள் கருகும், எண்ணெய் நுரைக்கும். நுரை அடங்காமல் நின்றாலும், துண்டைப் போடும் முன்பே எண்ணெய் புகைந்தாலும் மாற்றிவிடுங்கள். அளக்கும் கருவி வாங்க முடிந்தால் எண்ணெய் கெடக் கெட அதில் கூடும் சிதைவுப் பொருள்களின் அளவான மொத்தப் போலார் சேர்மம் 25 சதவீதம் என்பதைக் கோடாக வையுங்கள். பழைய எண்ணெயில் புதிதைக் கலந்து ஓட்டினால், மிச்சமாவது பழையது அல்ல, புதியதும் சேர்ந்து கெடும். இறால் பொரித்த எண்ணெயில் மீன் பொரித்து "இதில் இறால் இல்லை" என்று சொல்லாதீர்கள். இறால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் சூட்டில் அழியாது, சட்டி மாறாவிட்டால் அதுவும் மாறாது.

இத்தனையும் தெரிந்த கடை ஏன் தப்பான மீனை வாங்குகிறது? அச்சடித்த மெனு அட்டைதான் காரணம். அட்டையில் பதினெட்டு மீன் இருந்தால் பதினெட்டையும் வாங்கியே தீர வேண்டும். கடல் அன்று ஆறைத்தான் கொடுத்திருக்கும். மீதிப் பன்னிரண்டுக்குப் பழையது, உறைந்தது, பெயர் மாற்றியது என்று வாசல் திறந்துவிடுகிறது. ஒரு பலகையில் அன்று வந்ததை மட்டும் எழுதுங்கள். அட்டையில் "மீன் வறுவல்" என்று பொதுவாக இருக்கட்டும், எந்த மீன் என்பதைப் பலகை சொல்லட்டும். உறைந்ததையும் வளர்ப்பு மீனையும் விற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒழுங்காக உறையவைத்தது நாலு நாள் அலைந்த "ஃப்ரெஷ்" மீனைவிட மேல். பெயரைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்பி அனுப்புவதிலும் ஒரு பக்குவம் உண்டு, புதியவர்கள் முதலில் சறுக்குவது இதில். பெரியவர் ஒரு கூடையை வேண்டாம் என்றாலும் அந்தப் படகுக்காரர் மறுநாளும் வருவார். ஏனென்றால் வேண்டாம் என்பதைப் பின்வாசலிலேயே, எடை போடும் முன்பே, காரணத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருப்பார். எடுத்ததற்குப் பணத்தை அன்றே கொடுத்திருப்பார். எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் "மீன் சரியில்லை" என்று பாதிப் பணம் கழிக்கும் கடைக்கு, நல்ல மீன் கடைசியாகத்தான் வரும்.

ஆகவே சாவியை வாங்கும் முன் ஒரு மாதம் காலையில் பெரியவர் பக்கத்தில் நோட்டோடு நில்லுங்கள். ஒவ்வொரு கூடைக்கும் மீன், எடை, பிடித்த நேரம், ஐஸ் போட்ட நேரம், உள்வெப்பம், யாரிடம், எடுத்தோமா இல்லையா. கடைசிக் கட்டத்தில் காரணம். "ஏன் வேண்டாம்னீங்க?" என்று கேட்டால் "பார்த்தாலே தெரியுதே" என்பார். அதை எழுதாதீர்கள். "எதைப் பார்த்தீங்க?" என்று மறுபடி கேளுங்கள். கொஞ்சம் எரிச்சல்படுவார். அப்புறம் குனிந்து, அந்த மீனைத் திருப்பி, வயிற்றில் ஒரு இடத்தை விரலால் தொடுவார். எந்த இடம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கூடைக்கும் தட்டுக்கும் நடுவில் வேலை பார்க்கிறவர்கள்